கைவிடப்பட்ட பழைய தொழிலிடம் எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா? அங்கே என்ன பார்த்தீர்கள்?

போயிருக்கிறேன். திருகோணமலை சீனன்குடாவில் உள்ள எண்ணெய்த் தாங்கிகள். எங்கள் வீட்டில் அதற்கு 'டாங்கிக்காடு' என்று பெயர். போன் கேற்றிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால் படம் எதுவும் இல்லை. எழுதித்தான் காட்ட வேண்டும்.

நான் வளர்ந்தது பாலையூற்றில். சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் 36 வயது வரைக்கும் ஒரு தாங்கியைக்கூடக் கிட்டப் பார்த்ததில்லை. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது, அதற்குப் பிறகு வேலியும் காவலும். 2023இல் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். இரண்டு மாதம் சத்தமே இல்லை. கடைசியில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் பேசித்தான் காரியம் நடந்தது. நம் ஊர் வழக்கம்.

கூட வந்தவர் கிண்ணியாக்காரர், அங்கே காவல் வேலை. நான் 'நானா' (அண்ணன்) என்று கூப்பிட்டேன், அவர் தம்பி என்றார். கையில் ஒரு கத்தி, சட்டைப் பையில் இரண்டு யானை வெடி. "ஆன நிண்டா ஓடாதீங்க தம்பி, எனக்குப் பின்னால வாங்க" என்றார். பாதையில் கிடந்த யானை லத்தி ஈரமாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இரண்டடி பின்னால்தான் நடந்தேன்.

தாங்கிகள் தூரத்தில் தெரியவே தெரியாது. பாலை, வீரை, முள்ளுப் பற்றை என்று நடந்துகொண்டே இருக்கிறோம், திடீரென்று முகத்துக்கு நேரே ஒரு துருப்பிடித்த சுவர், வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. அதுதான் தாங்கி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 800 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில் இப்படித் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒன்று பற்றினாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்ற கணக்கு. கட்டியது பிரிட்டிஷ் கடற்படை, 1930களில். கீழ்ப்பக்கத்தில் கடலை ஒட்டிக் கொஞ்சம், மேட்டுக்காட்டில் மிச்சம், இப்போது எண்ணினால் மொத்தம் 99.

ஒரு தாங்கியின் அடியில் ஆள் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தது. மூடியைக் காணோம். குனிந்து உள்ளே போனோம். வெளியே காலை ஒன்பது மணி வெயில், உள்ளே இருட்டு. கண் பழகியதும் மேலே பார்த்தால், கூரைத் தகட்டில் துரு தின்ற ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி மினுங்குகின்றன. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு மெல்லிய வெளிச்சக் கம்பி சாய்வாக இறங்கி நிற்கிறது. வௌவால் நாற்றம். அதற்கு அடியில், நான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ, பழைய எண்ணெய் வாசம். நானா ஒரு தடவை கைதட்டினார். அந்தச் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றிப் போய் அடங்கவே மாட்டேன் என்றது. "இதுக்குள்ள ரகசியம் பேச ஏலா" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. ஒரு தாங்கி கிட்டத்தட்ட 12,000 கிலோலீற்றர் கொள்ளும், அதாவது ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர். றோட்டில் பார்க்கும் 33,000 லீற்றர்ப் பெரிய பவுசர் 360க்கு மேல் வந்து ஊற்றினால்தான் ஒன்று நிரம்பும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் ஒரு கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோலுக்காக மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வருவதற்கு முன்னால் ஒரு முழு இரவு றோட்டோரத்தில் படுத்தும் இருக்கிறேன். அந்த வெற்றுத் தாங்கிக்குள் நின்றபோது வரலாறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அந்த இரவில் கடித்த நுளம்புதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் 91ஆம் தாங்கி. நான் போனதே அதைப் பார்க்கத்தான். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு இலங்கைதான் பெரிய தளமாகியது. ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய யப்பான் விமானங்கள், 9ஆம் திகதி காலையில் திருகோணமலைக்கு வந்தன. துறைமுகத்தில் இருந்த கப்பல்களை முதல் நாளிரவே வெளியே அனுப்பியிருந்தார்கள். அதுவும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தெற்கே போய் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, இன்றும் அங்கேதான் கிடக்கிறது. இங்கே ஒரு விமானம் 91ஆம் தாங்கியில் விழுந்து வெடித்தது. ஏழு நாள் எரிந்தது என்பார்கள்.

விமானி வேண்டுமென்றே மோதினான் என்பது ஊர்க்கதை, கமிகாஸி என்ற சொல்லையும் சேர்த்தே சொல்வார்கள். யப்பான் அந்தத் தற்கொலைப் படையை அமைத்தது 1944 ஒக்டோபரில், இரண்டரை வருஷம் கழித்து. அடிபட்ட விமானம் வேறு வழியில்லாமல் விழுந்திருக்கவும் கூடும். எனக்கு இந்த இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அம்மப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. கன்னியாப் பக்கம் ஓடிப்போய் ஒரு மாட்டுக் கொட்டிலில் இருந்தார்களாம். பகலில் வானம் கறுப்பு, இரவில் சிவப்பு, காயப்போட்ட வேட்டியில் கரி. பிறகு அவரே பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறையில், டொக்யாட்டில், வேலைக்குச் சேர்ந்தார். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதும் அந்த வேலையும் போனது. குண்டு போட்டவனை விட, வேலையோடு போனவன் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம்.

91 இப்போது தாங்கி இல்லை. தடித்த இரும்புத் தகடு வெயிலில் வாடிய வாழையிலை மாதிரி உள்ளுக்குச் சுருண்டு மடங்கிக் கிடக்கிறது. மடிப்புக்குள் மண் சேர்ந்து, அதில் ஒரு செடி. விரலால் தட்டினேன், மணிபோல் ஒலிக்கும் என்று எதிர்பார்த்தேன், மட்டையில் தட்டின மாதிரி 'தொப்' என்றது.

மற்றக் கதை எல்லாம் கடிதாசிக் கதை. 1987 யூலை 29, இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தத் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகத் திருத்தி நடத்தும் என்று எழுதினார்கள். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 35 வருஷக் குத்தகை. அவர்கள் பாவித்தது கீழ்ப்பக்கத் தாங்கிகளை மட்டும். 2022 ஜனவரியில் புது ஒப்பந்தம்: அவர்களுக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம். நான் பிறந்ததும் 1987தான். படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகுதான் அந்தக் கடிதத்தில் இருந்த கூட்டு நிறுவனம் வந்து சேர்ந்தது.

திரும்பும்போது 91இன் அடியில் உதிர்ந்து கிடந்த உள்ளங்கை அளவு துருத்தகடு ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். அம்மாவிடம் காட்டலாம் என்றுதான். நானா பார்த்துவிட்டார். "வைங்க தம்பி. இதெல்லாம் கணக்கில இருக்கு."

வைத்துவிட்டேன். யாராவது போவதென்றால் நீளக் காற்சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றிரவு மூன்று உண்ணி.