ஃபேன் சுற்றுகிறது, சூடு மட்டும் குறையவில்லை

கேள்வி: ஆறு வருடமாக ஓடும் வீட்டு கம்ப்யூட்டரில் லிக்விட் கூலர் இருக்கிறது. இப்போது ஆன் செய்த சில நிமிடத்தில் பிராசஸர் 95 டிகிரியைத் தாண்டி, தானாக அணைந்துவிடுகிறது. ஃபேன்கள் நன்றாகவே சுற்றுகின்றன. கூலரை மாற்ற வேண்டுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஃபேனை வைத்து முடிவு செய்யாதீர்கள், திரவத்தைத் தள்ளுவது பம்ப். அணைவதற்குள் தொட்டுப் பாருங்கள்: பிராசஸர் பக்கம் குழாய் சுட, ரேடியேட்டர் (ஃபேன்கள் பொருத்திய, திரவத்தின் சூட்டை வெளியேற்றும் தகட்டுப் பகுதி) சில்லென்று இருந்தால் உள்ளே ஓட்டமே இல்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) பம்ப் வேகம் பூஜ்யம் என்று காட்டினால், முதலில் அதன் ஒயரைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள், சில சமயம் அவ்வளவுதான் கோளாறு.

கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் தூசியும் ரேடியேட்டர் தகடுகளில் பிசுக்காக ஒட்டும், அதையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஆனால் அடைப்பினால் சூடு மெல்லத்தான் ஏறும், இப்படிச் சட்டென்று ஏறாது.

பம்ப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மூடி சீல் செய்த கூலரில் திரவம் வருடக்கணக்கில் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும், ஆறு வருடம் உழைத்ததே நல்ல உழைப்பு. கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு சில ஏஎம்டி பிராசஸர்கள் சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்தால் தனிச் செலவு. மெல்லத் திருகி எடுங்கள். புதியதன் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள், திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்குங்கள், ரேடியேட்டரைக் கேஸின் மேல்பக்கம் பொருத்துங்கள், அப்போதுதான் காற்றுக்குமிழி பம்பில் தங்காது.

கேம், வீடியோ எடிட்டிங் என்று பெரிய வேலை இல்லையென்றால் திரவம் இல்லாமல் ஃபேன் காற்றால் பிராசஸரைக் குளிர்விக்கும் சாதாரண ஏர் கூலரே வாங்குங்கள், அதில் கெட்டுப்போக ஃபேன் ஒன்றுதான்.