சம்பளம் கொடுப்பவர் யார்?

கேள்வி: என் தங்கையின் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாளில் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவும் நேரம் இருக்கவில்லை. அடக்க ஆராதனையில் ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்ற வசனத்தை வைத்துப் பேசினார்கள். அழுதவளிடம், ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், விசுவாசி இப்படி அழக் கூடாது’ என்றார்கள். ஒன்பது நாள் குழந்தை என்ன பாவம் செய்தது? கடவுள் மரணத்தை ஏன் படைத்தார்?

பதில்: அந்தக் குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை. இதை முதலில் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். இதைச் சொல்ல நீங்கள் வேதத்தை மீற வேண்டியதில்லை. அந்த வசனத்தை எடுத்துப் பேசியவர்கள்தான் அதை முழுவதும் வாசிக்கவில்லை.

அவர்கள் சொன்னது ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்தில் முதல் பாதி மட்டுமே. அந்த அதிகாரத்தில், நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல், பாவத்தை மனிதரை அடிமைப்படுத்தி ஆளும் ஓர் எஜமானாகவே உருவகித்துக்கொண்டு வருகிறார். சம்பளம் என்பதற்கு அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல், போர்வீரருக்கு அளந்து கொடுக்கப்படும் படியைக் குறிப்பது. ஆகவே அந்த வாக்கியத்தில் சம்பளம் கொடுப்பது பாவம் என்னும் எஜமானே அன்றிக் கடவுள் அல்லர். கடவுளின் பக்கத்தில் பவுல் வைப்பது ‘கிருபைவரம்’, அதாவது கூலிக் கணக்குக்கு இடமே இல்லாத கொடை. தனிமனிதர் ஒவ்வொருவரின் சாவுக்கும் அவரவர் குற்றத்தைத் தேடிப் பிடிக்கும் சூத்திரமாக அவர் அதை எழுதவில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தில், ஆதாம் மீறியதைப் போலப் பாவம் செய்யாதவர்களையும் மரணம் ஆண்டுகொண்டது என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் தங்கையின் குழந்தைக்கு உரிய வசனம் அதுதான். அன்று அது ஒருவருக்கும் நினைவுக்கு வராமற்போனது எனக்கு வருத்தத்தைவிடக் கோபத்தையே தருகிறது.

கடவுள் மரணத்தை ஏன் படைத்தார் என்று கேட்கிறீர்கள். அவர் அதைப் படைக்கவில்லை என்பதே திருச்சபையின் பழைமையான பதில். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் உள்ள ஞான நூல், சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று தன் முதல் அதிகாரத்திலேயே கூறிவிடுகிறது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியு இதை விளக்கிய விதம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது: மனிதன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவன், ஆகையால் இயல்பில் அழியக்கூடியவன், கடவுளோடு கொண்ட உறவே அவனைத் தாங்கி நின்றது, அந்த உறவிலிருந்து அவன் விலகியபோது, தான் வந்த இல்லாமையை நோக்கியே திரும்பத் தொடங்கினான். இந்த விளக்கத்தில் மரணம், வேரிலிருந்து பிரிந்த கிளை வாடுவதைப் போன்றது. கனியை உண்ட நாளில் சாவாய் என்று சொல்லப்பட்ட ஆதாம் 930 ஆண்டுகள் வாழ்ந்ததாக ஆதியாகமம் சொல்வதையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். அந்த நாளில் நேர்ந்தது பிரிவு, மூச்சு நின்றது பிறகு.

சபைகளுக்கு இடையே இதில் வேறுபாடு உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆதாமின் குற்றமே வழிவழியாக எல்லாரையும் பற்றுகிறது என்று பண்டைய இறையியலாளர் அகுஸ்தீன் கற்பித்தார். மேற்குத் திருச்சபை பெரும்பாலும் அவர் வழியிலேயே நடந்தது. கிழக்குத் திருச்சபைகளோ, நாம் சுதந்தரித்தது ஆதாமின் குற்றத்தை அல்ல, சாவுக்கு உட்பட்ட நிலையையே என்று கற்பிக்கின்றன. ஆனால் அகுஸ்தீனின் வழிவந்த கத்தோலிக்கத் திருச்சபையிலும், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை கொள்ளத் தக்க காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம் கூறுகிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மீட்பு இல்லையோ என்ற அச்சமும் உங்கள் தங்கைக்கு இருக்கக்கூடும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து, யோபுவின் சொல். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று சொன்னவர், ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் இழந்த தகப்பன். அது அவர் தம்முடைய இழப்பைப் பற்றித் தாமே சொன்னது; பிறர் எடுத்து இன்னொருவரின் வாயை அடைப்பதற்கு உரியதன்று. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. பிறகு வாயைத் திறந்து, உன் பாவத்தால்தான் இது வந்தது என்று வாதாடினார்கள். இறுதியில் கடவுளின் கோபம் மூண்டது யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்களின்மேல். சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார்.

விசுவாசி அழக் கூடாது என்பது எந்த வேதத்தில் இருக்கிறது? தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்பதே. துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அந்தப் பகுதியில் இரண்டு முறை வரும் ஒரு கிரேக்க வினைச்சொல், சினத்தால் உள்ளுக்குள் உறுமுவதைக் குறிப்பது. தமிழ் மொழிபெயர்ப்பில் அது கலக்கமாக மென்மையடைந்துவிட்டது. மரணத்தைத் தம் தந்தை அனுப்பிய தூதனாகக் கருதியிருந்தால் அவர் அதன் முன் சினந்திருக்கமாட்டார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அதற்கு இட்ட பெயர் ‘கடைசிச் சத்துரு’. மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்பார்க்கிறோம் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறவர்கள், அந்தச் சத்துரு இறுதியில் ஒழிக்கப்படுவான் என்றே அறிக்கையிடுகிறார்கள். ஒழிக்கப்பட வேண்டிய பகைவனின் செயலைக் கடவுளின் அன்பளிப்பாக ஒரு தாயிடம் காட்டுவது விசுவாசத்துக்கே முரணானது.

நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டானே என்று லாசருவின் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் ஒருவர்பின் ஒருவராக இயேசுவிடம் முறையிட்டார்கள். அவர் இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் தங்கையும் அதே முறையீட்டைச் செய்யட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் அழட்டும். அந்த வசனத்தோடு மறுபடியும் யாராவது வீட்டுக்கு வந்தால், ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.