பகானா, பிரோமா?

ரங்கூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியில் நாலு நாள் லீவு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலிக்கார அம்மா என்று ஐந்து பேர், பழைய நகரம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், பகான் போவதா, இல்லை செலவு குறைவு என்று பிரோமுக்கு (இப்போது ப்யே என்கிறார்கள்) போய் ஸ்ரீ க்ஷேத்திரத்தைப் பார்த்துவிட்டு வருவதா?

நாலு நாள் முழுசாகக் கையில் இருந்தால் பகான்தான் தம்பி. இரண்டே நாள் என்றால் பிரோம் என்றிருப்பேன். தூரத்தைப் பாருங்கள்: பிரோம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், பகான் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பஸ்ஸில் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பாதி லீவு ரோட்டிலேயே கரைந்துவிடும். அதனால் முடிந்தால் போகும்போதாவது பகானுக்கு விமானம் இறங்குகிற ஞாவ்ங்ஊவுக்கு விமானத்தில் போங்கள், அம்மாவின் முழங்காலுக்காகத்தான் சொல்கிறேன். விமானம் கட்டுப்படியாகாது என்றால் பேசாமல் பிரோம் போங்கள், வருத்தப்பட வேண்டியதில்லை.

எந்த ஊரானாலும் நாட்டு நிலைமை தெரிந்ததுதானே. பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளும் விசாரியுங்கள், இரவுப் பயணம் வேண்டாம், எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஸ்ரீ க்ஷேத்திரம் சின்ன விஷயமில்லை. பகானுக்குப் பல நூற்றாண்டு முந்திய பியூ மக்களின் நகரம், 2014-இல் ஹலின், பெய்க்தானோ நகரங்களோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, பர்மாவிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் அதுதான். உருளையாக, 46 மீட்டர் உயரத்தில் நிற்கிற போபோஜி பகோடாவைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வாய் பிளக்கும். ஆனால் மற்றதெல்லாம் வயலுக்கு நடுவே செங்கல் மேடும் இடிந்த மதில்துண்டும்தான், மீதியை நாமே மனசில் கட்டிக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் "அப்பா, போலாமா" என்றுவிடும். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஷ்வேதாவ்ங்கில் மூக்குக்கண்ணாடி போட்ட புத்தர் இருக்கிறார், பிரோமிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம், அதை விடாதீர்கள்.

பகானில் இந்தப் பிரச்சினை இல்லை, திரும்பின பக்கமெல்லாம் கோபுரம். 3,500-க்கு மேல் கட்டடங்களும் மேடுகளும் கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மதியத்துக்குள் எல்லாமே ஒன்று போலத் தெரியும், அதனால் ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோ போதும். முதலில் ஆனந்தா கோயில். தரை சமமாக இருப்பதால் அம்மா தாராளமாகச் சுற்றலாம். தெற்கே நிற்கிற புத்தரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் முகம் கடுமையாக இருக்கும், பின்னால் நகர நகரச் சிரிக்கிற மாதிரி தெரியும், பிள்ளைகளை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பாருங்கள். பிறகு நரத்து ராஜா கட்டின தம்மயாங்ஜி கோயில், செங்கல்லுக்கு நடுவே ஊசி நுழையாது என்பார்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுவது நத்லாங் சாவ்ங். பழைய மதிலுக்குள், தப்பின்யூ கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற விஷ்ணு கோயில், வெளிச்சுவரில் தசாவதாரத்துக்கு வைத்த மாடங்கள். சிலைகள் பல போய்விட்டன, இருந்தாலும் போங்கள். பகானை ஒட்டிய மைன்பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது: மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த ஸ்ரீ குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்ற இந்த ஊரின் நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. நம் தாத்தாமார் கப்பலேறி வருவதற்கு 600 வருஷம் முன்னால் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தை விட நன்றாகப் பதியும். அதே பக்கத்தில் மியாஸேதி கல்வெட்டும் இருக்கிறது, பியூ, மோன், பாலி, பர்மியம் என்று நாலு மொழியில் ஒரே செய்தி. பியூ எழுத்தைப் படிக்க வழி திறந்ததே அதனால்தான். பிரோம் பக்கம் பிறகொரு நாள் போனால் அப்போது உதவும்.

செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்ற வேண்டும், டிசம்பரிலும் பதினோரு மணிக்கு மேல் தளம் சுடும். ஆகவே காலை ஏழிலிருந்து பத்து, மாலை மூன்றரைக்கு மேல், நடுவில் தூக்கம். 2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோபுரத்தில் ஏறுவதைத் தடுத்துவிட்டார்கள், பழைய படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் முன்னாலேயே சொல்லிவையுங்கள். குதிரை வண்டி வேடிக்கைக்கு ஒரு மணி நேரம் சரி, மற்ற நேரம் டிரைவரோடு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள், அம்மா களைத்தால் அதிலேயே உட்காரலாம். போப்பா மலைக்கு அம்மாவை இழுக்காதீர்கள், 777 படி, வழி நெடுக குரங்கு. ஆனந்தா திருவிழா பர்மிய பியாதோ மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும், சில வருஷம் டிசம்பர் முடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும், பர்மியக் காலண்டரைப் பார்த்துவிட்டு ரூமை இப்போதே சொல்லிவையுங்கள்.