நெற்றி நோகுது, பெரிசு எடுத்தால் ஆடுது: எந்த ஹெல்மெற் சரி?

எல் சைஸ் நெற்றியை அழுத்துது, எக்ஸ்எல் ஆடுது என்று கேட்டிருக்கிறீங்கள். பிழை அளவில் இல்லை, வடிவத்தில். முன்பின்னாக நீண்ட தலையை வட்டக் கூட்டுக்குள் விட்டால் நெற்றி அழுந்தும், காதுக்கு மேலே இடைவெளி விழும். பெரிசு எடுத்தால் அந்த இடைவெளி இன்னும் கூடும். ஆனையிறவுக் காற்றில் தலை ஒரு பக்கம், ஹெல்மெற் ஒரு பக்கம்.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே தையல் நாடாவால் சுற்றளவு எடுங்கோ. தலைமுடியை நனைச்சு, உச்சியிலிருந்து ஒரு படம் எடுத்தால் நீளமா வட்டமா என்று தெரியும். கடையில் போட்டு, வாரைப் பூட்டி, 20 நிமிடம் கழற்றாமல் நில்லுங்கோ. கடைக்காரர் முறைச்சால் முறைக்கட்டும். கழற்றியதும் நெற்றியில் ரூபாய்க் குற்றியளவு சிவப்புத் தடம் இருந்தால் அது உங்களுக்குரியதில்லை. கன்னம் இறுக்கினால் பயமில்லை, அந்தப் பஞ்சு பாவிக்கப் பாவிக்கத் தளரும்.

உள்துணி கழன்று வருமென்றால், பக்கத் துணிக்குள் 3 மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச் வைச்சுச் சின்ன இடைவெளியை நிரப்பலாம். நெற்றிக்கு இடம் விட, உள்துணிக்குப் பின்னால் இருக்கிற கெட்டி நுரையை, அதுதான் றெஜிபோமை, சுரண்டிப்போடாதேங்கோ. விழேக்க அடியை வாங்கிறது அதுதான்.