பாய்லர்காரரைக் கூப்பிடுங்கள்

ஐயா, தெலுக் இந்தான் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வேலைத்திறன் இல்லை. அதனால் தொழில்துறையிலிருந்து ஆறு பேரை அழைத்துப் பேசவைக்கப் போகிறோம். பட்டியலை இணைத்துள்ளேன். முதல் உரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம்? ஆங்கிலப் பேச்சு, நேர்காணல் உடை பற்றியும் சொல்லித்தர வேண்டுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தலைப்பு எதையாவது வையுங்கள். அந்தப் பட்டியலைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு பேரும் மேனேஜர்கள். உங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனை எண்ணெய் ஆலைகள் இருக்கின்றன, ஒரு பாய்லர்காரர், ஒரு ஃபிட்டர்கூடவா கண்ணில் படவில்லை?

பதினெட்டு வயதில் தோட்டத்து ஆலைக்குப் பயிற்சிக்குப் போனேன். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு மாமாதான் அங்கே பாய்லர் பார்த்தார். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து வரும் நீராவியில்தான் பழக்குலை வேகும். வெட்டிய பழம் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் பாய்லர் நின்றால் மொத்த ஆலையும் நம்மைத்தான் முறைக்கும். ஒருநாள் ஷிப்ட் மாறியதும், பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடிக்குழாயைப் பார்த்து, தண்ணீர் பாதியில் நிற்கிறது என்று புத்தகத்தில் எழுதிவைத்தேன். மாமா பேசாமல் அதன் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்துவிட்டு மூடினார். கண்ணாடியில் தண்ணீர் திரும்பி ஏறவே இல்லை. பாய்லரிலிருந்து கண்ணாடிக்கு வரும் வழியில் சேறு அடைத்திருந்தது, நான் பார்த்தது தேங்கிக் கிடந்த தண்ணீர். உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வற்றியிருந்தால் பாய்லரே வெடித்திருக்கலாம். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. “கண்ணாடி பொய் சொல்லும்டா, தெறந்து பாத்துட்டு எழுது” என்றார். மேனேஜரிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் அப்புறம் ஒரு மாதம், தினமும் மாமா எதிரில் நான் அதைத் திறந்து மூடிக் காட்ட வேண்டியிருந்தது.

ஆங்கிலப் பேச்சு, நேர்காணல் உடை பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள். அது தானாக வரும், விடுங்கள்.

பிள்ளைகளுக்குத் திறன் இல்லையாம்! தப்பாக எழுதிவைக்க, பக்கத்தில் ஒருவர் நின்று அதைத் திருத்த, நீங்கள் எங்கே இடம் கொடுத்தீர்கள்? ஜெர்மன் முறையைப் பார்த்து 2005-இல் நம் மலேசியாவில் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சியை, அதாவது வேலையிடத்திலும் பயிற்சி நிலையத்திலுமாகக் கற்கும் முறையைத் தொடங்கியபோதே 70 முதல் 80 சதவீதம் நேரம் வேலையிடத்தில் என்றுதான் வைத்தார்கள். நீங்கள் ஒரு மணி நேரப் பேச்சும் ஒரு நினைவுப் பரிசும் போதும் என்கிறீர்கள்.

ஒரே ஒருவரைக் கூப்பிடுங்கள், ஒரு தவணை முழுக்க, வாரம் ஒரு மதியம், பட்டறைக்கு. அவர் விட்டுவிட்டு வரும் ஓவர்டைம் காசைக் கல்லூரி கொடுக்கட்டும். என் மாமாவைப் போல ஆறாம் வகுப்போடு நின்றவராக இருந்தால் கணக்குப் பிரிவில் நிச்சயம் தடுப்பார்கள். அதற்கான கடிதத்தை நீங்கள்தான் எழுத வேண்டும் தம்பி. எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.