ஏசி அவுட்டோர் யூனிட்: மொட்டை மாடியில் எந்தப் பக்கம்?
வணக்கம். சென்னை வீட்டில் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைப்பதா, படிக்கட்டு அறைக்குக் கிழக்கே வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் கிழக்கே வையுங்கள். மதியத்துக்கு மேல் அந்த அறையின் நிழல் யூனிட் மேல் விழும். மேற்கில் வெயிலும் அடிக்கும். ஃபேன் சுவரைப் பார்த்து இருந்தால், தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுத்துக் கம்ப்ரஸர் திணறும். கரண்ட் பில்லும் ஏறும். செம்புக் குழாய் 2 மீட்டர் கூடினால் பரவாயில்லை, கேஸ் சேர்க்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஸ்டாண்டைப் பொருத்தத் தளத்தில் துளை போட விடவே விடாதீர்கள். மேலே பதித்திருக்கும் தட்டோட்டில் (தட்டையான சுட்ட மண் ஓடு) விரிசல் விட்டால் மழைக்காலத்தில் கீழே ஓதம் இறங்கும். கனமான கான்கிரீட் கட்டைகளில் ஸ்டாண்டை போல்ட் போட்டு நிறுத்தி, அடியில் ரப்பர் கொடுங்கள். புயல் அடிக்கிற ஊர், கட்டையின் எடையில் கஞ்சம் வேண்டாம்.