பதித்த கதிரியக்க விதைகளைப் படத்தில் தேடிப் பிடிப்பது எப்படி?

புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்காக அதற்குள் பதிக்கப்படும் கதிரியக்க விதைகள் உலோகத்தால் ஆனவைதானே, ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து எண்ணிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவ இயற்பியலாளராக இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதை கண்ணில் படுவதில் சிரமமே இல்லை, படத்தில் தெரியும் புள்ளிகளில் எது எந்த விதை என்று பிரித்தறிவதும், அது சுரப்பியின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சொல்வதும்தான் கடினம்.

அயோடின்-125 அடங்கிய ஒரு விதை ஏறத்தாழ 4.5 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. தடிமனும் கொண்ட டைட்டானியம் உறை. ஒரே நோயாளிக்கு நூறு விதைகள் வரைகூடப் பதிக்க வேண்டியிருக்கும். சி.டி.யை 3 மி.மீ. இடைவெளியில் எடுத்தால், ஒரே விதை அடுத்தடுத்த இரண்டு, சில வேளைகளில் மூன்று வெட்டுகளில் (குறுக்குவெட்டுப் படங்களில்) வெண்புள்ளியாகத் தோன்றும். ஒரு வெட்டில் பளிச்சென்றும் அடுத்ததில் மங்கியும் தெரியும் அப்புள்ளி ஒரே விதையின் இரு முனைகளா, அல்லது முனையோடு முனை ஒட்டி நிற்கும் இரு விதைகளா என்பதை அதை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. விதைகளைத் தானாகக் கண்டறியும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பதித்த எண்ணிக்கையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கை நேர்செய்வதிலேயே அவை குறியாக இருக்கும் என்பதால், விடையை வெட்டு வெட்டாகச் சரிபார்க்காமல் நான் ஏற்பதில்லை.

எக்ஸ்-ரே படம் எண்ணுவதற்கு நல்லது. ஆழம் மட்டும் அதில் தெரியாது. வெவ்வேறு கோணங்களில் எடுத்த இரு படங்களைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம் என்றாலும், ஒன்றில் உள்ள புள்ளிக்கு மற்றதில் பல புள்ளிகள் பொருந்திவரக்கூடும் என்பதால் மூன்றாவது கோணத்திலும் ஒரு படம் எடுத்து ஐயத்தைத் தீர்ப்பார்கள். அப்போதும் ஒரு விதை இன்னொன்றின் பின்னால் மறைந்துகொள்வதுண்டு.

இவ்வளவு செய்தும் விதையின் இடம்தான் கிடைக்கிறதே தவிர, சுரப்பியின் எல்லை கிடைப்பதில்லை. சி.டி.யில் புரோஸ்டேட்டும் சுற்றியுள்ள தசைகளும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து தெரியும். போதாக்குறைக்கு உலோகம் வீசும் கீற்றுகள் வேறு. எம்.ஆர்.ஐ.யில் எல்லை தெளிவாகத் தெரிகிறது, ஆனால் விதைகள் வெறும் கரும்புள்ளிகளாகி இரத்தக் குழாய்களோடு குழம்பிவிடுகின்றன. ஆகவே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, விதையை சி.டி.யிலிருந்தும் எல்லையை எம்.ஆர்.ஐ.யிலிருந்தும் எடுத்துக்கொள்வது சிறந்த வழி. ஒரு விதையின் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மொத்தக் கதிரளவு பெரிதாக மாறிவிடாது. எல்லையைத் தவறாக வரைந்தால், சுரப்பியின் 90 விழுக்காட்டுப் பகுதி பெற்ற குறைந்தபட்ச அளவு என்று நாம் எழுதும் எண்ணே நம்பத்தகாததாகிவிடும்.

எப்போது படம் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஊசிகள் குத்தியதால் சுரப்பி வீங்கி, பிறகு சில வாரங்களில் வடியும்போது விதைகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அதனால்தான், அயோடின்-125க்கு அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 60 நாள்களாக இருப்பதையும் கருதி, ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தையே பலரும் கதிரளவுக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை குறைந்தால் மார்பு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். இழையில் கோக்காமல் தனித்தனியாகப் பதித்த விதைகள் சில வேளைகளில் சிரைகளின் வழியே நுரையீரலுக்குச் சென்று தங்கிவிடும்; பெரும்பாலும் அதனால் தொல்லை ஏதும் வருவதில்லை. சிறுநீரோடு வெளியேறுவதும் உண்டு என்பதால், முதல் சில நாள்கள் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கும்படி நோயாளியிடம் சொல்லப்படுகிறது.